மலை பஸ்ஸில் ஒரு வசைக்கு எவ்வளவு?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறப் பொது வாகனம் இரண்டு உண்டு. ஒன்று மலை ரயில். மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இன்னொன்று பர்லியார் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறும் அரசு பஸ். இரண்டுக்கும் ஒரே மலைச்சரிவு, ஒரே குளிர், கிட்டத்தட்ட ஒரே கூட்டம். ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவரின் அம்மாவை இழுத்து ஒருவர் திட்டினால், ரயிலில் அதற்கான அபராதம் சட்டப் புத்தகத்திலேயே ரூபாய்க் கணக்கில் அச்சாகியிருக்கிறது. பஸ்ஸில் "இறங்குய்யா கீழே" என்பதுதான் முதலும் கடைசியுமான ஆயுதம். பஸ்ஸில் திட்டுகிறவருக்கும் அபராதம் போடலாமா என்ற பேச்சை, மலைப்பாதையில் அந்த ஆயுதத்தைத் தூக்கவே முடியாது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ரயில். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 145-ஆம் பிரிவு. போதையில் இருப்பது, அசிங்கமாக நடந்துகொள்வது, வசைச்சொல் அல்லது ஆபாசச் சொல் பேசுவது, மற்ற பயணிகளின் வசதியை வேண்டுமென்றே கெடுப்பது ஆகிய நான்கும் ஒரே பிரிவில் வருகின்றன. ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட்டோ பாஸோ செல்லாமல் போகும், ஆளை ரயிலை விட்டு வெளியேற்றலாம். தகுந்த காரணம் எழுதிவைக்காமல் மாஜிஸ்திரேட் முதல் முறைக்கு 100 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இரண்டாம் முறை என்றால் ஒரு மாதச் சிறையும் 250 ரூபாயும் குறைந்தபட்சம். ரயில்வே பாதுகாப்புப் படையே ஆளைப் பிடித்து ரயில்வே மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தலாம். ரயிலில் புகார் சொல்ல 139.

இதில் கவனிக்க வேண்டியது, வசையும் ஆபாசமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பது. ஒருவரைக் கேவலப்படுத்தித் திட்டினாலே போதும், அதில் பாலியல் வாடை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னை மெட்ரோவுக்கும் பொருந்தும் 2002-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் சட்டத்தின் 59-ஆம் பிரிவும் இதே பாணியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பஸ்ஸுக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. பஸ்ஸில் கெட்ட வார்த்தை என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் எழுத்தர் கை தன்னால் எழுதும் பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி). 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசமாகப் பாடுவது, பேசுவது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீன் கிடைக்கும். படித்தால் பஸ் வசைக்கென்றே எழுதியது போல இருக்கும். நீதிமன்றத்தில்தான் சரிகிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெறுமனே திட்டுவதும் அவமானப்படுத்துவதும் 294(பி) ஆகாது, அந்தச் சொல் பாலியல் எண்ணத்தைத் தூண்டும் ஆபாசமாக இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் வழக்கிலும் கொச்சைப் பேச்சு வேறு, ஆபாசம் வேறு என்று அதே நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பஸ்ஸில் கேட்கும் வசைகளில் பெரும்பாலானவை உறுப்புகளையும் உறவுகளையும் இழுத்தாலும், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அதில் கோபம் ஒன்றுதான் இருக்கும், காமம் இருக்காது. ஆகவே 296 போட்ட வழக்கு பாதியில் விழ வாய்ப்பு அதிகம்.

அடுத்து அதே சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவு. சண்டை மூளும் என்று தெரிந்தே ஒருவரை அவமதிப்பது, இரண்டு ஆண்டு வரை சிறை. இது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் காவல்துறை தானாக விசாரிக்க முடியாத வகைக் குற்றம். புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். குன்னூரில் இறங்கி எடப்பள்ளிக்கு அடுத்த மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் இதற்காக மாஜிஸ்திரேட் கோர்ட் படி ஏறுவார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? சென்னை போன்ற கமிஷனர் நகரங்களில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கைகொடுக்கும், 'பெட்டி கேஸ்' என்னும் சிறு வழக்காக அன்றைக்கே முடிந்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கமிஷனர் கிடையாது, எஸ்.பி. தான். அந்தக் கதவும் இங்கே இல்லை.

மிச்சம் இருப்பது மோட்டார் வாகனச் சட்டம். பலரும் எட்டிப் பார்க்காத 95-ஆம் பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. பஸ் பயணிகளின் நடத்தைக்கு மாநில அரசு விதி வகுக்கலாம். விதியை மீறுகிறவரை டிரைவரோ கண்டக்டரோ இறக்கிவிடலாம். அவர்களோ பயணிகளில் ஒருவரோ கேட்டுக்கொண்டால் போலீஸ்காரரும் இறக்கலாம். மீறியதாகச் சந்தேகப்படும் பயணியிடம் பெயர், முகவரி கேட்கலாம், அவர் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்யலாம். 2022-ல் தமிழ்நாடு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் 1989-ஆம் ஆண்டு மாநில மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, பாலியல் சாடையுடன் பேசுவது, பாடுவது எல்லாம் அதில் வந்தன. அப்படிச் செய்கிறவரை இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ வேண்டியது கண்டக்டரின் பொறுப்பு. கண்டக்டரே அப்படி நடந்துகொள்வதற்கும் அதே திருத்தத்தில் தடை வந்தது.

தண்டனை தனியாகச் சொல்லப்படாத விதிமீறல் எதுவானாலும் 177-ஆம் பிரிவில் விழும்: முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைக்கு 1,500 வரை. 200-ஆம் பிரிவின்படி அரசு குறிப்பிடும் அதிகாரி இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துவைக்கலாம். ஹெல்மெட் இல்லாதவருக்கு ரோட்டில் போடும் அபராதமும் இந்த 200-ஆம் பிரிவின் வழியில்தான் அங்கேயே முடிகிறது. ஆக, பஸ் வசைக்கு அபராதம் போடப் புதுச் சட்டம் தேவையில்லை. யார் வாங்குவது, எதற்கு வாங்குவது என்ற இரண்டு கேள்விக்கு ஓர் அரசாணை பதில் சொன்னால் போதும். அந்த இரண்டு கேள்வியும்தான் கடினமானவை.

சமவெளியில் இறக்கிவிடுவது சுலபம். விசில் ஊதினால் வண்டி நிற்கும், ஆள் இறங்குவார், அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வரும். மலையில் எங்கே இறக்குவது? பர்லியாருக்கும் காட்டேரிக்கும் நடுவிலா? கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனைக்குக் கீழே பலாப்பழ சீசனில் யானை நிற்கும் இடத்திலா? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறை தாண்டி மழையிலா? இரவு எட்டு மணிக்குப் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடையில் குடிபோதையில் இருப்பவரை இறக்கிவிட்டு, காலையில் அவர் காட்டெருமை முட்டியோ பள்ளத்தில் விழுந்தோ கிடந்தால், இறக்கிவிட்ட கண்டக்டர் மேல்தான் வழக்கு வரும். அனுபவமுள்ள எந்த மலை கண்டக்டரும் இந்த அதிகாரத்தைத் தொட மாட்டார். "சும்மா வாங்கண்ணா, ஊர் வந்துரும்" என்று சமாதானம் சொல்லியே பெருமாள்மலை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பார். (ரயிலிலும் இதே சங்கடம்தான். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் சுற்றிலும் காடு.) இறக்கிவிடுவதற்குப் பதில் வேறு ஏதாவது வேண்டும் என்ற நியாயம், தாராபுரம் பஸ்ஸைவிட கிளாவரை பஸ்ஸுக்கு அதிகம். அந்த வகையில் அபராதத்தை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் எதற்கு அபராதம்? கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, அதில் உள்ளதைச் சொன்னால் 500 என்று வைத்தால் கேலிக்கூத்தாகிவிடும்.

மலை பஸ்ஸில் வசை கிளம்பும் இடங்கள் பஸ்காரர்களுக்கு மனப்பாடம். முதலில் சில்லறை. காலை முதல் டிரிப்பில் எல்லோரும் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் பை காலி. பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்பார் கண்டக்டர், இறங்கும்போது கூட்டத்தில் மறந்துபோகும், ஆரம்பித்துவிடும். புதிய டிக்கெட் மிஷினில் யூபிஐ இருந்தாலும் மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் நிற்காது. பணம் போனதா இல்லையா என்று செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து லக்கேஜ். கேரட் மூட்டைக்கும் பூண்டு மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டால் ஒரு சண்டை, போடாமல் வழியில் வைக்கவிட்டால் மற்ற பயணிகளோடு இன்னொரு சண்டை. ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குழந்தை என்று எதையாவது போட்டு சீட் பிடிப்பது அடுத்தது. வளைவில் குமட்டி முன் ஜன்னலில் ஒருவர் வாந்தி எடுத்தால் பின் ஜன்னல்காரர் மேல் தெறிக்கும். அந்த நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வருவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மழைக்கு ஷட்டரை இறக்குவதா ஏற்றுவதா என்பது வேறு. சாயங்கால டிரிப்பில் டாஸ்மாக். ஏப்ரல், மே சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று போக்குவரத்தை மாற்றிவிடும் நாட்களில், வழக்கமான பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் காத்திருந்து ஏறும் உள்ளூர்க்காரர்.

இவற்றில் பாதிக்கு மேல் யாரையும் குறிவைக்காத வசை. கால் இடறியதற்கும், பஸ் போய்விட்டதற்கும், போனில் நண்பனோடு பேசும்போது வாக்கியத்துக்கு ஒன்றாகவும் வருபவை. கேட்க நாராசமாக இருக்கும், குழந்தையோடு வருகிறவர் முகம் சுளிப்பார், ஆனால் யாரும் காயப்படவில்லை. "தம்பி, லேடீஸ் இருக்காங்க" என்று முன் சீட்டிலிருந்து ஒரு அக்கா திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு ரசீது புத்தகம் தேவையில்லை.

இன்னொரு வகை ஆளைப் பார்த்து, அவர் நகர முடியாத இடத்தில் நிற்கும்போது, நிறுத்தாமல் திட்டுவது. மலை பஸ்ஸில் இது சமவெளியைவிடக் கொடுமை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தப்பிக்கத் திட்டு வாங்குகிறவருக்கும் வழியில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது. அபராதம் இதற்குத்தான் வேண்டும். வார்த்தை எது என்பது இரண்டாம்பட்சம். ஒரே ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒரு பெண்ணைக் குறுக வைக்கலாம். 2024-ல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் மலைப்பகுதி பஸ்களுக்கும் வந்தது. அப்படி வரும் பெண்ணைப் பார்த்து "ஓசில வர்றவங்களுக்கு சீட்டு வேறயா" என்று சொல்வது எந்தப் பட்டியலில் சேரும்? பட்டியல் போட்டால் அது தப்பிவிடும், வாந்திக்கு வைதவர் மாட்டிக்கொள்வார்.

பட்டியல் சரிவராததற்கு நீலகிரியில் இன்னொரு காரணமும் உண்டு. கூடலூர் பஸ்ஸில் தமிழ், மலையாளம், கன்னடம், படுகர்கள் பேசும் படுகு நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். பணியர் பேச்சும் காட்டுநாயக்கர் பேச்சும் கேட்கும். ஒரு மொழியில் செல்லமாகக் கூப்பிடும் சொல் இன்னொன்றில் கையை ஓங்க வைக்கும். கோவைப் பக்கத்து கண்டக்டருக்குப் படுகு வசை புரியாது. புரியும் மொழியில் பேசியவருக்கு மட்டும் அபராதம் விழும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போடும் அபராதம் ஓரளவு செல்லுபடியாவதற்குக் காரணம், பாட்டில் கையில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் தெரியும், பறித்து வைக்கலாம், ரசீது போடலாம். வசை அப்படி அல்ல. சொன்ன மறுநொடி காற்றில் போய்விடும், மிஞ்சுவது இரண்டு பேர் வாய்மொழி. பொருளுக்குப் போடும் அபராதத்தின் முறையைப் பேச்சுக்கு அப்படியே தூக்கிவைத்தால், யாருடைய வாய்மொழி எடுபடுகிறதோ அவர் பக்கம் நீதி சாயும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதைப் பார்த்தாகிவிட்டது. அங்கே பொது இடத்தில் மோசமான மொழி பேசுவது 1988-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். பின்னாளில் போலீசே அந்த இடத்தில் அபராதச் சீட்டு எழுதலாம் என்றானது. 2009-ல் அந்த மாநில ஆம்பட்ஸ்மேன் (அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) பரிசீலித்தபோது, மக்கள்தொகை விகிதத்துக்கு மிக அதிகமாகப் பழங்குடியினர் அந்தச் சீட்டுகளை வாங்கியிருந்தது தெரிந்தது. பிரிட்டனிலும் ரயில்வே துணைவிதி 6-ன்படி மிரட்டும், வசைபாடும், ஆபாசமான மொழிக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. ஆனால் அது கோர்ட் வழியாக வருவது. டிக்கெட் பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் சீட்டு அல்ல. இந்த வேறுபாடு முக்கியம். பந்தலூர் பஸ்ஸில் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளியும், பெங்களூரிலிருந்து வந்த சுற்றுலாக்காரரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் யாருக்கு முதலில் சீட்டு கிழிப்பார்கள் என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும்.

அதனால்தான் கண்டக்டர் கையில் இந்த அபராதம் போகவே கூடாது என்கிறேன். முதல் காரணம், பாதி நேரம் திட்டு வாங்குவதே அவர்தான். பாதிக்கப்பட்டவரே தீர்ப்பு எழுதி அவரே பணம் வாங்கினால் அது அபராதம் ஆகாது, பழிவாங்கல். இரண்டாவது, கணக்கு. டிக்கெட் மிஷினில் போகாத பணம் கண்டக்டர் பையில் இருந்தால், செக்கிங் ஏறும்போது பை பணமும் வே பில் என்னும் டிக்கெட் கணக்குத் தாளும் இடிக்கும். கூடுதல் பணம் இருந்தாலும் குற்றச்சாட்டு, குறைந்தாலும் குற்றச்சாட்டு. மூன்றாவது, வண்டியோட்டம். 60 பேர் நிற்கும் பஸ்ஸில் ஒருவரிடம் 500 ரூபாய் வசூலிக்க நிற்பதற்குள் இரண்டு ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) தாண்டிவிடும், ஏறினவர்களுக்கு டிக்கெட் போட்டிருக்காது, அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாப் பயணத்துக்கான அபராதத்தைப் பரிசோதகர் வாங்குவதும், கண்டக்டர் வாங்காததும் காரணத்தோடுதான்.

என் கணக்கில் இது இப்படிப் போக வேண்டும். கண்டக்டர் ஒரு தடவை, நாலு பேர் கேட்கும்படி, எச்சரிக்க வேண்டும். அதன் பிறகும் ஆளைப் பார்த்துத் திட்டுவது தொடர்ந்தால் ஓர் அச்சடித்த தாளில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், எந்த ஸ்டேஜுக்கும் எந்த ஸ்டேஜுக்கும் நடுவில், யார் யாரைத் திட்டினார், என்ன சொன்னார். 'தகாத வார்த்தை' என்று பூசி மெழுகாமல் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். மழுப்பலான புகாரில் எந்தப் பிரிவும் நிற்காது. பிறகு பயணி ஒருவரின் கையெழுத்து, செல் நம்பர். 95-ஆம் பிரிவின் வழியில் திட்டியவரின் பெயர், முகவரி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் அந்தத் தாள் பதிவாக வேண்டும். அங்கே அதற்கென அதிகாரம் பெற்றவர், அதாவது கண்டக்டருக்கு மேலே உள்ள பரிசோதகரோ போக்குவரத்து போலீஸ் எஸ்.ஐ.யோ, இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கலாம். ஒப்புக்கொண்டால் தொகை, ரசீது. மறுத்தால் கோர்ட். வெளியூர்க்காரர் வாய்தாவுக்கு மறுபடி மலை ஏற வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 208-ஆம் பிரிவிலேயே குற்றத்தைத் தபாலில் ஒப்புக்கொண்டு குறித்த தொகையை அனுப்ப வழி இருக்கிறது.

இதில் உடையக்கூடிய இடம் பெயர், முகவரிதான். ரிசர்வேஷன் ரயிலைப் போல பஸ் டிக்கெட்டில் பெயர் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். சாட்சி சொல்லவும் முன்வருகிறவர் குறைவு, ஒரே ஊர்க்காரராக இருந்தால் இன்னும் குறைவு. ஆகவே இந்த அபராதம் நிறைய வசூலாகும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். எச்சரிக்கும்போது கண்டக்டருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கும்: "ஸ்டாண்டுல எழுதிக் குடுத்துருவேன்." இறக்கிவிடுவேன் என்று மிரட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள், இதை நம்புவார்கள்.

தொகை 500-க்கு மேல் போகக் கூடாது. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி அதிலேயே கரைந்துவிடும். காரில் வராமல் பஸ்ஸில் வந்த சுற்றுலாக்காரருக்கு அது சாப்பாட்டுச் செலவு. இந்த ஏற்றத்தாழ்வுக்கு மருந்து தொகையை ஏற்றுவது அல்ல; முதல் முறைக்கு எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறைக்கே பணம் என்று வைப்பது.

இரண்டு வகை வசையை இந்த அபராதத்துக்குள் விடவே கூடாது. ஒன்று சாதி. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள். பழனி மலையில் பளியர். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டிய வழக்கு. ஓடும் பஸ்ஸைவிடப் பொதுப் பார்வை உள்ள இடம் எது? இதற்கு 500 ரூபாய் ரசீது கிழித்தால், சட்டப்படி அது வன்கொடுமை வழக்கைத் தடுக்காது. ஆனால் நடைமுறையில் "அதான் கட்டியாச்சே, விடுங்க" என்று ஸ்டேஷனிலேயே மூடிவிடுவார்கள். மலிவான தப்பிக்கும் வழியாகிவிடும்.

இன்னொன்று பெண்ணைக் குறிவைக்கும் பேச்சு. 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தில் திட்டுவதும் துன்புறுத்தலில் அடங்கும். அந்தச் சட்டம் பஸ்ஸைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும், போகாவிட்டால் அவர்களுக்கே தண்டனை. பாரதிய நியாய சன்ஹிதா 79-ம் உண்டு, மூன்று ஆண்டு வரை. மலைப்பாதையில் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை என்பதால், நடைமுறையில் போகும் திசையில் அடுத்து வரும் காவல் நிலையம்தான். எல்லையைச் சொல்லி அங்கே மறுக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ன்படி எந்த நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். 203-ஆம் பிரிவின்படி பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணத்தில் கடந்துபோன எந்த எல்லையின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஏறியவர் குன்னூரில் புகார் கொடுக்கலாம்.

இப்போதைக்கு, அபராத விதி ஏதும் வராத நிலையில், திட்டு வாங்கியவர் செய்யக்கூடியது இவ்வளவு. டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள், கட்டணமில்லா டிக்கெட் என்றாலும். எந்த வண்டி, எத்தனை மணி என்பதற்கு அதுதான் ஆதாரம். வண்டி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பதிவு டிஎன் 43, திண்டுக்கல் டிஎன் 57. பேச்சைப் பதிவு செய்திருந்தால் வெட்டி ஒட்டாமல் அசலை வைத்திருங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் மின்னணுப் பதிவுகளுக்கென உள்ள 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுத்தால்தான் கோர்ட்டில் ஏறும். வாட்ஸப் குரூப்பில் போட்டுப் பரப்புவது வழக்கைக் கெடுக்கும், சில நேரம் உங்கள் மேலேயே திருப்பும். அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181. புகாரைப் பதிவு செய்யாமல் வாங்கி மட்டும் வைத்தால், புகார் வந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

கண்டக்டரோ டிரைவரோ திட்டினால் வழி வேறு. அரசு பஸ் என்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார். தேதி, வழித்தடம், வண்டி எண், நேரம் நான்கும் இருந்தால் டியூட்டியில் இருந்தவர் யார் என்று அவர்களே எடுத்துவிடுவார்கள். நீலகிரிக்குக் கோவைக் கோட்டம், கொடைக்கானலுக்கு மதுரைக் கோட்டம். மினி பஸ் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். நடத்தை சரியில்லாத கண்டக்டரின் உரிமத்தை மோட்டார் வாகனச் சட்டம் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை நிறுத்திவைக்கலாம். பயணிக்கு அபராதம் கொண்டுவரும் அரசாணையில் ஊழியருக்கும் அதே தொகை எழுதப்படாவிட்டால் அந்த ஆணையை நான் எதிர்ப்பேன்.

டிரைவர் ஜன்னல் வழியாகச் சுற்றுலா கார்களை நோக்கி விடும் வசையை மட்டும் எந்த அபராதமும் எட்டாது; அவர் ஊழியராகவும் அந்த நிமிடத்தில் பாதிக்கப்பட்டவராகவும் இருக்கிறார். 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி செங்குத்துச் சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. கீழிருந்து முதல் கியரில் முக்கி முக்கி ஏறும் பஸ்ஸை வளைவில் நிறுத்தினால் மறுபடி கிளப்ப கிளட்ச் தேயும், பின்னால் உருளும். இது தெரியாமல் எதிரே இறங்கும் கார் மூக்கை நுழைத்து நிற்கும். கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் இ-பாஸைப் பார்க்க எப்படியும் காரை நிறுத்துகிறார்கள். 'ஏறும் வண்டிக்கு வழிவிடு' என்று நாலு மொழியில் ஒரு துண்டுச்சீட்டை அங்கேயே கையில் கொடுத்து அனுப்பலாம்.